இருபத்தேழாயிரத்து எழுநூற்று இருபத்தொன்று

மறுபடியும் ஒன்று மீந்தது.

தையல் பிரிவிலிருந்து வந்தவை இருபத்தேழாயிரத்து எழுநூற்று இருபத்தொரு பனியன்கள். மடிக்கும் பெண்கள் அத்தனை பேருக்கும் சமமாகப் பங்கு வைத்த பிறகே அங்கே முதல் பனியனில் கை வைப்பார்கள். பங்கு வைப்பது அமராவதியின் வேலை. இரண்டாக, மூன்றாக, டஜனாக, எப்படி வகுத்தாலும் ஒன்று நின்றது. இருக்கிற பதினெட்டுப் பேருக்கும் வகுத்தாள். அப்போதும் ஒன்று.

"ஒண்ணு மீதிங்க" என்றாள் முதலாளி லிங்கசாமியிடம்.

"இதுக்குப் போயி மொகத்தத் தூக்கி வெச்சுட்டு நிக்கறே? கொண்டா, நானே போட்டுக்கறேன்." சட்டையைக் கழற்றிவிட்டு அந்தக் கைவைத்த பனியனை மாட்டிக்கொண்டார். "கணக்குச் சரியாப் போச்சா? இன்ஸ்பெக்டர் வர்ற நேரம். கேட்டா, எப்பவும் பதினெட்டுப் பேருதான். மருதாள்னு இங்க யாரும் வேல செய்யல."

"சரிங்க."

அவர் போன பிறகும் அந்தச் 'சரிங்க' நாக்கில் கசந்தது. போன வாரம் மெஷின் பெல்ட் மருதாளின் கூந்தலைப் பிடித்து இழுத்துக்கொண்டது. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவிய தரையிலிருந்து, ஈரப் பஞ்சும் எண்ணெயும் கலந்த வாடைக்கு அடியில், வேறொரு வாடை இன்னும் எழுந்துகொண்டிருந்தது. இல்லாத ஒருத்தியின் வாடையா இது?

மனம் தன்போக்கில் மருதாளையும் சேர்த்துப் பத்தொன்பதால் வகுத்தது. தலைக்கு ஆயிரத்து நானூற்று ஐம்பத்தொன்பது. மீதி இல்லை.

எண்ணுக்கு இருக்கிற ரோஷம் எனக்கு இல்லாமல் போனதே என்று அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்தாள். ஒவ்வொருத்தியின் குவியலிலிருந்தும் எண்பத்தொரு பனியன்களை எடுத்தாள். ஒருத்தியும் தடுக்கவில்லை. மருதாள் உட்காரும் மூலையில் பத்தொன்பதாவது குவியல் வளர்ந்தது. அதில் ஒன்று மட்டும் குறைந்தது.

லிங்கசாமி திரும்பி வந்தார். "இது யாருக்கு?"

"மருதாளுக்குங்க."

"செத்தவ வந்து மடிப்பாளா?" சிரித்தார்.

மூலையில் துணி சரசரத்தது.

மேலே இருந்த பனியன் குப்புறப் புரண்டது. அதன் இரண்டு கைகளும் முதுகுப் பக்கம் மடிந்தன. இடுப்பில் பாதியாக மடிந்தது. மேலே ஒரு தட்டு. அடுத்தது. அதற்கடுத்தது. மருதாளின் வேகம். பிறகு அதையும் மிஞ்சிய வேகம். பெண்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். லிங்கசாமியை ஓடச் சொல்ல அமராவதி வாய் திறந்தாள். குரல் வரவில்லை. வரவேண்டும் என்று அவள் நினைக்கவும் இல்லை.

குவியல் முடிந்தது.

இன்னும் ஒன்று பாக்கி.

லிங்கசாமி குப்புற விழுந்தார். அவர் போட்டிருந்த பனியனின் வலது கை முதுகுப் பக்கம் மடிந்தது, உள்ளே இருந்த கையோடு. பிறகு இடது கை. ஏதோ முறிந்தது. அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்து நின்றது.

பிறகு, ஒரு சுருக்கமும் விழாமல், அவர் இடுப்பில் பாதியாக மடிந்தார்.

யாரோ மேலே ஒரு தட்டுத் தட்டினார்கள்.