முதுகில் எழுந்த தடிப்பு

அவரை ஏணி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பெயிண்டர், ஆள் நல்ல உயரம். அவர் வேலைக்கு வந்தால் தனியாக ஏணி தேட வேண்டியதில்லை என்று கிண்டல் செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

அந்தப் பழைய வீட்டின் சாவியைக் கொடுத்தபோது வீட்டுக்காரர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"பின்பக்க ரூமுக்கு மட்டும் பெயிண்ட் வேண்டாம். கதவு சாத்தியே இருக்கட்டும்."

வேலை ஒழுங்காகத்தான் நடந்தது. கடைசி நாள் மத்தியானம் வெயில் மண்டையைப் பிளந்தது. கொஞ்ச நேரம் கண்ணை மூடலாம் என்று ஏணி அந்தக் கதவைத் தள்ளினார். உள்ளே கிணற்றுக்குள் இறங்கியது போலக் குளிர்ச்சி. ஈரச் சுண்ணாம்பு வாசனை. அதற்கு அடியில், வெகுநாள் துவைக்காத தலையணையின் வாசனை. சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்.

அறை முழுக்கக் குளிர். சுவர் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதுகு அரிக்க ஆரம்பித்தது. சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்த மனைவி, "என்னங்க இது, கொள்ளிக்கட்டையால இழுத்த மாதிரி இருக்கு!" என்று பதறினாள்.

முதலில் மருந்துக் கடையில் கொடுத்த களிம்பைத் தடவினார்கள். பிறகு பக்கத்துத் தெரு டாக்டர், வேர்க்குரு என்றார். இன்னொருவர் படை என்றார். சோப்பை மாற்றினார்கள். பாயை வெயிலில் போட்டு மூட்டைப்பூச்சி தேடினார்கள். துணிகளை எல்லாம் கொதிக்கும் தண்ணீரில் அலசினார்கள். மாத்திரை தூக்கத்தைக் கொடுத்ததே தவிர அரிப்பைக் குறைக்கவில்லை. தடிப்பு தோளைத் தாண்டி முன்பக்கம் வந்தது. இடுப்பைச் சுற்றிக்கொண்டது.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியின் தோல் டாக்டரிடம் போனார்கள். நிதானமான பெண்மணி. பெயிண்டில் கலக்கும் தின்னரா, சுவரில் பூசும் பட்டித்தூளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முதுகில் சின்னச் சின்னப் பிளாஸ்திரிகளாக ஒட்டி, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று சோதித்தார். எதற்கும் தோல் சிவக்கவில்லை. தோலில் துணுக்கு எடுத்து அனுப்பினார். அதிலும் ஒன்றும் பிடிபடவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்றேன்," என்றார். "சில அலர்ஜி, பட்ட பொருளோட வடிவத்துலயே வரும். வாட்ச் கட்டினா பட்டை மாதிரி, செருப்புன்னா வார் மாதிரி. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கு. முதுகுல ஏதாவது சுமக்கிறீங்களா?"

"இல்லையே டாக்டர்."

டாக்டர் ஏணியைச் சுற்றி வந்து பார்த்தார். மனைவியும் அவர் பார்த்த இடத்தையே பார்த்தாள்.

கழுத்தைச் சுற்றி மெல்லிய இரண்டு கோடுகள். நெஞ்சில் கோத்த விரல்கள். இடுப்பை வளைத்த இரண்டு கால்கள். தோள்பட்டைகளுக்கு நடுவில் வட்டமாக ஒரு கன்னம்.

யாரோ ஒரு குழந்தை உப்புமூட்டை ஏறியிருந்தது.

மறுநாளே இருவரும் வீட்டுக்காரரைத் தேடிப் போனார்கள். ஏணி வாயைத் திறப்பதற்குள் அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"அந்த ரூமுக்குள்ள போனீங்களா?"

"போனேன் சார். அது என்ன?"

"தெரியாது. வீடு வாங்கினப்பவே இருந்துச்சு. முதல்ல என் மேலதான் ஏறுச்சு."

வீட்டுக்காரர் சட்டையைத் தூக்கிக் காட்டினார். முதுகில் அதே வடிவம், ஆறிப்போய், தேமலாக வெளுத்திருந்தது.

"எப்படி இறக்குனீங்க? அதைச் சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நான் எங்கே இறக்கினேன்? தினமும் மருந்து போட்டுவிட்டது என் மனைவி. அதுக்கு அவளைப் பிடிச்சுப்போச்சு." அவர் குரல் தேய்ந்தது. "அப்புறம் அவ ரொம்ப நாள் இல்லை. அந்த ரூம்லதான் உயிர் போச்சு. அதுவும் அங்கேயே தங்கிடுச்சு."

திரும்பி வரும் வழியில், தெரு முனையில் ஏணி நின்றார்.

"நீ உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடு. என்கிட்ட வராதே. களிம்பெல்லாம் நானே போட்டுக்கிறேன்."

"முதுகுக்கு உங்க கை எட்டுமா?"

"எட்டாட்டிப் போகுது."

"சும்மா வாங்க," என்றாள் அவள். கண்ணில் நீர் முட்டி நின்றது. அன்று சாயங்காலமும் அவளே தடவிவிட்டாள். கன்னத்தின் வடிவத்தின் மேல் விரல் போனபோது, அந்த இடம் மெல்ல அவள் பக்கம் திரும்பியது போல இருந்தது.

அவள் கையை எடுக்கவில்லை. எடுத்தால் அவருக்குத் தெரிந்துவிடும்.

ஏணி இளைத்துக்கொண்டே போனார். கன்னம் ஒட்டி, தோள் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. நிமிர்ந்து நடக்க முடியவில்லை. ஏணி கூன் போட்டுவிட்டதே என்று யாரும் கிண்டல் செய்யவில்லை. மாத்திரையின் அளவைக் கூட்டுவதற்காக டாக்டர் எடை பார்க்கச் சொன்னார். மனைவி பக்கத்தில் நிற்க, நர்ஸ் அவரை முள் வைத்த பழைய மெஷினில் ஏற்றினாள்.

"என்னங்க, பார்த்தா எலும்பும் தோலுமா இருக்கீங்க, எடை கூடியிருக்கே! மெஷின் கெட்டுப்போச்சு போல. இறங்குங்க."

ஏணி இறங்கினார்.

முள் பூஜ்யத்துக்கு வரவில்லை.

ஒரு சின்னக் குழந்தையின் எடையில் நின்று, மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. நர்ஸ் மெஷினைக் காலால் தட்டினாள். அப்போதும் முள் இறங்கவில்லை. பிறகு தானாகவே, படியிலிருந்து யாரோ குதித்தது போல, முள் சட்டென்று கீழே விழுந்தது.

ஏணி முதுகை நிமிர்த்தினார். எத்தனையோ நாளைக்குப் பிறகு முழு உயரத்துக்கு நிமிர்ந்தார்.

"அரிப்பு நின்னுடுச்சு," என்றார் நம்ப முடியாமல். "பாரம் இல்லை. இங்க பாரேன், ஒண்ணுமே இல்லை!"

அடுத்த கணம் அவர் முகம் வெளிறியது. மனைவியைப் பார்த்தார்.

"உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்ன? வாங்க, வீட்டுக்குப் போகலாம்."

அவள் வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். சுண்டுவிரலைச் சுற்றி வெதுவெதுப்பாக ஏதோ இறுகியது. பிறகு அந்த இடம் அரிக்க ஆரம்பித்தது.