காயாத விளிம்பு

மாமனார் இறந்தபின் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்த மறுநாள், பின்பக்கக் கொட்டகையைத் திறந்தேன். பழைய மெத்தைகளுக்கு நடுவே ஒரு ஃபைபர் படகு கவிழ்ந்து கிடந்தது. நான்கு பேர் உட்காரலாம். உடம்பு கெட்டியாக இருந்தது. வலப்பக்க விளிம்பில் மட்டும் ஒரு முழ நீளத்துக்கு விரிசல்.

"அத உடைச்சுத் தூக்கிப் போட்டுடு" என்றார் கணவர், வாசலைத் தாண்டாமல்.

எட்டு வருடத்துக்கு முன் அவருடைய தம்பி ஏரியில் மூழ்கியது இந்தப் படகிலிருந்துதான். எங்கள் கல்யாணத்துக்கு முந்தைய கதை. கொழுந்தனை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து இவர் தண்ணீர்ப் பக்கம் போனதில்லை. வாளி நிரம்பும் சத்தம் கேட்டால்கூட எழுந்து போய்க் குழாயை மூடுவார். படகை உடைப்பதால் அந்தப் பயம் போகாது என்று எனக்குத் தோன்றியது. அதைச் செப்பனிட்டு இவரை அதில் உட்காரவைத்தே தீருவது என்று முடிவுகட்டினேன்.

எனக்குத் தொழில் செயற்கைப் பல் செய்வது. ரெசின் பசையும் அதை இறுகவைக்கும் ஹார்டனரும் கலந்து பழகிய கை. நாள் முழுக்க அடுத்தவர் பற்களோடு தனியாக உட்கார்ந்திருப்பவள் என்பதால் சட்டென்று பயப்படவும் மாட்டேன்.

ஞாயிறு காலை படகைக் கொட்டகைக்கு வெளியே இழுத்து நிமிர்த்தி, விரிசலைத் தேய்த்தேன். ஃபைபரிலிருந்து உதிர்ந்த கண்ணாடித் தூள் பட்டுக் கையெல்லாம் அரித்தது. கண்ணாடி இழைத் துணியை வெட்டி வைத்து, ரெசின் பூசி, காற்றுக்குமிழ் வெளியேறும்வரை உருளையால் உருட்டினேன். மதியத்துக்குள் கல்லாக இறுகியிருக்க வேண்டும். சாயங்காலம் தொட்டால் விரலோடு வந்தது.

ரெசின் விற்ற கடைக்காரர், ஹார்டனர் போட மறந்திருப்பேன் என்று சொல்லிச் சிரித்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த ஞாயிறு எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு, சொட்டுச் சொட்டாக அளந்து கலந்தேன். டப்பாவில் மீந்த ரெசின் அரை மணியில் இறுகிவிட்டது. விளிம்பில் மட்டும் ஈரம்.

முகர்ந்து பார்த்தேன். பாசி வாடை அடித்தது.

மூன்றாவது முறை பூசிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். பட்டப்பகல். வெயில் நேராகப் படகின்மேல் விழுந்தது. பூசிய இடத்தில் ஒரு குமிழ் கிளம்பியது. உருட்டினேன். மறுபடி வந்தது. பக்கத்தில் இன்னொன்று.

நீளநீளமாக, நான்கு.

வெளியிலிருந்து விளிம்பைப் பற்றிக்கொண்டிருக்கும் நான்கு விரல்கள்.

எனக்கே பயம் வந்தது. ஆனால் உருளையைக் கீழே போடவில்லை. "நானும் விடமாட்டேன், பாத்துக்கோ" என்று அதனிடமே சொல்லிவிட்டு, கணவரைக் கூப்பிட்டேன்.

பார்த்தவர் சுவரில் சரிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இதே இடம்தான்" என்றார், குரலே எழாமல். "தண்ணில விழுந்தவன் இதப் பிடிச்சுக்கிட்டான். படகு சாஞ்சுது. நானும் போயிடுவேன்னு பயம். அவன் விரல ஒண்ணொண்ணா நான்தான் பிரிச்சேன்."

எனக்கு அவர்மேல் அருவருப்பும் இரக்கமும் ஒன்றாக வந்தன. எரித்துவிடலாம் என்று கெஞ்சினார்.

"எரிக்க விடமாட்டேன். அன்னைக்குப் பிரிச்ச கையால இன்னைக்குப் பிடிங்க."

கையுறை போடச் சொன்னேன், கேட்கவில்லை. அழுதுகொண்டே அந்தக் குமிழ்கள்மேல் வெறும் கையை வைத்தார். கொஞ்ச நேரத்தில் விளிம்பு சூடேறியது. ரெசின் இறுகும்போது வருகிற சூடு. கையைப் பிய்த்து எடுத்தபோது உள்ளங்கைத் தோல் கொஞ்சம் அதோடு போனது. நான்கு விரல்களும் கல்லாக இறுகியிருந்தன. நான் அவற்றைத் தேய்க்காமல் மேலேயே பெயின்ட் அடித்தேன்.

அடுத்த வாரம் ஏரிக்குக் கொண்டுபோனோம். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் படகில் ஏறினார். நான் முன்பலகையில், அவர் பின்பலகையில். காற்றே இல்லை. கரையைவிட்டுப் பத்தடி போனதும் படகு வலப்பக்கம் சாய்ந்தது.

யாரோ தொங்கினார்கள்.

தண்ணீர் விளிம்பை எட்டியது. அவர் முகம் வெளுத்துப்போனது. இருந்தும் இடப்பக்கம் நகரவில்லை. குனிந்து, தோலுரிந்த கையைத் தண்ணீருக்குள் நீட்டினார்.

"ஏறிக்கோடா."

படகு ஒரு குலுக்குக் குலுங்கி நேரானது. காலியாக இருந்த நடுப்பலகையிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

நான் கரைக்குத் திருப்பவில்லை. நடு ஏரியைப் பார்த்துத் துடுப்பு வலித்தேன். படகு மூன்று பேர் பாரத்தோடு மெதுவாக நகர்ந்தது.