ஏழு மணிக்கு முன் பன்னிரண்டு இணைப்புகள்

கைபேசி மூன்றாவது தடவையாக அலறியது.

நிரஞ்சலா எடுத்தாள். அண்ணன் மனைவி சுதர்ஷினி.

"நிரஞ்சலா... ஒங்க அண்ணன பொலிஸ் புடிச்சிட்டுப் போயிருச்சு!"

"எதுக்கு அண்ணி?"

"புஹாரி மொதலாளிய கொன்னுட்டாராம்! விடியக்காலைல இவருதானே த்ரீவீல்ல தெமோதரைக்கு ஏத்திக்கிட்டுப் போனாரு... ரெண்டு மணிக்குக் கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்களாம்!"

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு இருபது.

நிரஞ்சலா கண்ணை மூடித் திறந்தாள். அழுவதற்குக்கூட அலுப்பாக இருந்தது.

பதுளை பஜாரில், ஒரு துணிக்கடையின் மாடியில் இயங்கும் இணையச் செய்தித் தளத்தில் அவளுக்கு வேலை. முதலாளிகள் இரண்டு பேர். புஹாரி ஒருவர். துஷாந்த் இன்னொருவர். அன்று காலை பத்தே கால் மணிக்குத் தெமோதரைத் தேயிலை மலை வாய்க்காலில் கொழுந்தெடுக்கும் பெண்கள் கண்டது புஹாரியின் உடலை.

அந்தச் செய்திதான் அவள் முன்னால் திரையில் இருந்தது.

செய்தியைப் போட்டால் மட்டும் போதாது. தளத்தின் பழைய பக்கங்களுக்குள் போய், பொருத்தமான சொற்களிலிருந்து புதிய செய்திக்கு இணைப்புக் கொடுக்க வேண்டும். தளத்துக்குள்ளேயே நாலு பக்கம் கை காட்டினால்தான் கூகுள் அந்தச் செய்தியை மதிக்கும். மேலே தூக்கும். மூன்று வருடமாக நிரஞ்சலாவுக்கு அதுதான் வேலை.

தெமோதரை பற்றிய பழைய பக்கத்தைத் திறந்தாள்.

இணைப்பு ஏற்கெனவே இருந்தது!

அடுத்த பக்கம். அதிலும் இருந்தது. மொத்தம் பன்னிரண்டு பக்கங்கள்...

யார் போட்டது? மாற்றங்களின் பதிவைத் தட்டினாள்.

'நிரஞ்சலா. காலை 6.48.'

காலை 6.48க்கு அவள் தெமோதரை பஸ்ஸில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டிருந்தாள்.

மடிக்கணினியை மூடிக் கக்கத்தில் இடுக்கினாள். படியிறங்கினாள்.

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் ஹஸீப்பின் மேசையில் தேநீர் ஆறிப்போயிருந்தது. அந்த வாரத்தில் புஹாரியுடையது அவருக்கு மூன்றாவது சடலம்.

"என்ன விசயம் செல்லுங்க தங்கச்சி. அண்ணன விடச் சொல்லி அழ வந்தீங்களா?"

"இல்ல சார். இதப் பாருங்க."

பார்த்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"ஒண்டும் விளங்கல்ல."

"பாதை இல்லாத தோட்டத்து லயத்து வீட்டுக்குத் தபால்காரன் வருவானா சார்? கூகுளும் அப்படித்தான். பழைய பக்கத்துலேருந்து பாதை போட்டுக் குடுக்கணும். இந்தச் செய்திக்கு ஆறே முக்காலுக்கே பாதை போட்டிருக்காங்க. செய்திப் பக்கமும் அப்பவே தயார். முகப்புல மட்டும் காட்டல."

ஹஸீப் நிமிர்ந்தார்.

"புஹாரிட மையத்தக் கண்டது பத்தே காலுக்கு."

"ஆமாங்க."

"இதுல ஒங்கட பேர்தானே கிடக்கு?"

"என் பாஸ்வேர்ட் தெரிஞ்ச ஆளு இன்னும் ஒருத்தர்தான் சார். துஷாந்த் சார். பொய்ச் சாவுச் செய்தி போட்டு ஆள் சேக்குறது போதும், தளத்த மூடுறேன்னு புஹாரி சார் சொன்னாரு. நேத்து பெரிய சண்டை."

"ஒங்கட அண்ணனும் செல்றார், ஆள எறக்கி விட்டேன், மலையில யாரோ நிண்டாங்கண்டு. ஆனா கோர்ட்டுல இதக் காட்டினா என்னாகும்? அண்ணன் கொலை செஞ்சார், தங்கச்சி செய்தி போட்டாண்டு ரெண்டு பேரையும் சேத்து உள்ள வைப்பாங்க!"

மணி ஒன்று பத்து.

நிரஞ்சலா கைபேசியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அப்ப துஷாந்த் சார் வாயாலயே சொல்லட்டும். துக்கம் கேக்கப் போய் இப்ப புஹாரி சார் வீட்டுலதான் இருக்காரு. அங்க ரெண்டு பேர அனுப்பிருங்க சார்."

ஹஸீப் வாசலைப் பார்த்துக் கையசைத்தார். இரண்டு கான்ஸ்டபிள்கள் ஜீப்பில் ஏறினார்கள். ஜீப் போய்ச் சேரும் வரை காத்திருந்தாள். பிறகு ஸ்பீக்கரில் போட்டு அழைத்தாள்.

"என்ன நிரஞ்சலா?" துஷாந்தின் குரல் தாழ்ந்து வந்தது. பின்னணியில் புஹாரியின் மனைவியும் மற்றப் பெண்களும் அழும் சத்தம். "ஸகீனா அக்காவுக்கு ஆறுதல் சொல்லிக்கிட்டு இருக்கேன். சுருக்கா சொல்லு."

"நம்ம செய்தி கூகுள்ல கீழ கிடக்கு சார். மொனராகலைக்காரன் சைட்தான் மொதலாவது."

"என்னது!"

ஒரு கதவு சாத்தப்பட்டது. அழுகை மங்கியது.

"அவன் முந்திக்கிட்டு உள்ள லிங்க் எல்லாம் போட்டுட்டான் போல. நாமதான் பிந்திட்டோம்."

"யாரு பிந்துனது? மொனராகலையில உக்காந்துகிட்டு அவன் என்னைய முந்துவானா?"

"லிங்க் போடாம எப்படி சார் மேல வரும்?"

"அடியே, பன்னெண்டு பழைய பக்கத்துலயும் போட்டாச்சு! ஏழு மணிக்கு முன்னுக்கே போட்டாச்சு! போய்ப் பாரு!"

"யாரு சார் போட்டா?"

"பின்ன நீயா போட்ட? நான்தான்! ஒனக்கு இந்த வேலையச் சொல்லிக் குடுத்ததே நான்..."

பேச்சு பாதியில் அறுந்தது.



ஹஸீப் கைபேசிப் பக்கம் குனிந்தார்.

"தம்பி, இன்ஸ்பெக்டர் ஹஸீப் பேசுறன். ஏழு மணிக்கு முந்தி அந்த வாய்க்கால்ல மையத்து கிடக்கிறத ஒங்களுக்கு யாரு செல்லினது?"

மறுமுனையில் ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"ஓட வேணாம். வாசல்ல எங்கட ஆக்கள்தான் நிக்கிறாங்க."

நான்கு மணி.

விடுவிக்கப்பட்ட அண்ணன் ரமேஸ் பொலிஸ் நிலைய வெளி பெஞ்சில் உட்கார்ந்து ஆறிய தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தான். தங்கை உள்ளே வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நாலு பக்கம். கை வலித்தது.

துஷாந்தை விலங்கோடு அழைத்து வந்தார்கள். சட்டையெல்லாம் கசங்கியிருந்தது. அவளைக் கண்டதும் நின்றான்.

"என்னையப் புடிச்ச செய்தியப் போட்டியா?"

"ம்."

"கூகுள்ல எத்தனையாவது?"

நிரஞ்சலா பேனாவை மூடினாள்.

"மொதலாவது சார். ஒரு லிங்க்கூட போடல!"