துவக்க எண்: இரண்டு

செவ்வாய்க்கிழமைகளில் இனிகோவுக்குத் தெருச்சோதனை. தூத்துக்குடி ஆயுள் சான்று அலுவலகத்தில் காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அளவுக்கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினால், மதியத்துக்குள் பத்துப் பன்னிரண்டு வீடுகளைப் பார்த்துவிடுவான். ஒரு வீட்டில் முப்பது வயது மிக்ஸி, அடுத்த வீட்டில் நாற்பத்திரண்டு வயது ஃபிரிட்ஜ். வீட்டுக்காரர்கள் கருவியின் பிறப்புச் சீட்டைத் தயாராக எடுத்து வைத்திருப்பார்கள். அவன் மூடியைத் திறந்து, ஒலி கேட்டு, சூடு பார்த்து, சீட்டில் இன்னொரு ஆண்டுக்கு முத்திரை குத்துவான். டீ வரும். குடித்துவிட்டு நகர்வான்.

அரிய உலோகங்கள் கிடைக்காமல் போன காலத்தில் வந்த ஏற்பாடு இது. நீடாயுள் சட்டம் என்று பெயர். எதைச் செய்தாலும் நிலைக்கும்படி செய்ய வேண்டும். செய்ததைச் செய்தவரே காப்பாற்ற வேண்டும். மிக்ஸிக்கும் ஃபிரிட்ஜுக்கும் இது எளிதாகப் பொருந்தியது. ஆட்டப்பெட்டிகளுக்குத்தான் தனியாக ஒரு பிரிவு எழுத வேண்டியிருந்தது. வீடியோ கேம் கன்சோல் என்று அந்த நாளில் சொல்லப்பட்ட பெட்டி நன்றாக ஓடினாலும், நிறுவனம் தன் சர்வரை நிறுத்திவிட்டால் அது வெறும் பெட்டி. ஆகவே சட்டம் இப்படிச் சொன்னது: ஒரு வகைப் பெட்டியில் ஒரே ஒரு பெட்டியாவது தன் பழைய மதர்போர்டோடு உயிரோடிருக்கும் வரை, அந்த வகைக்கான ஆட்டக்களத்தை நிறுவனம் மூடக் கூடாது.

இனிகோவுக்கு ஆட்டப்பெட்டிகளின் நோய்கள் அத்துபடி. ஆதிகாலப் பெட்டிகள் முரடானவை. தூசியை ஊதிவிட்டால் ஓடும். பிறகு வந்தவற்றில் குறுந்தட்டைப் படிக்கும் லென்ஸ் முதலில் குருடாகும். அதற்கும் பிறகு வந்தவை சூட்டில் செத்தன. போர்டு காய்ந்து குளிர்ந்து, காய்ந்து குளிர்ந்து, ஈயம் சேர்க்காத பற்றவைப்புகள் மயிரிழை மயிரிழையாக விரிந்துபோகும். கன்ட்ரோலரின் குமிழ் யாரும் தொடாமலே ஒரு பக்கமாக இழுக்கும். கடற்கரை ஊரில் இத்தனைக்கும் மேலே உப்புக்காற்று வேறு. தூத்துக்குடியில் ஒரு பெட்டி பதினைந்து ஆண்டு தாண்டினால் அலுவலகத்தில் அதைப் பற்றிப் பேசுவார்கள்.

அந்தச் செவ்வாயன்று அவன் பட்டியலில் கடைசியாக இருந்தது ஒரு மின்மினி-3. முப்பத்தொரு வயது. சேலத்தில் ஓடிக்கொண்டிருந்த இன்னொன்று போன மாதம் சோதனையில் நின்றுபோனதால், நாட்டில் மிஞ்சியது இது ஒன்றுதான். ஆட்டப்பெட்டிகளில் ஆண்டுக்குச் சிலவற்றை மட்டும் குலுக்கலில் எடுத்துப் பார்ப்பார்கள்; அதில் இது ஒரு தடவைகூட விழுந்ததில்லை. கடைசிப் பெட்டி ஆகிவிட்டதால் இப்போது முழுச் சோதனை கட்டாயம்.

சொந்தக்காரி ஜெசிந்தா. ஐம்பத்து மூன்று வயது. துறைமுகத்தின் பாரந்தூக்கிகளை வீட்டிலிருந்தே திரை வழியாக இயக்கும் வேலை. கதவைத் திறந்ததும், பெட்டி முன்னறையில் இருப்பதாகவும், காற்று அடைபடாதபடி அதன் பக்கத்தில் எதையும் வைப்பதில்லை என்றும் சொல்லிக்கொண்டே உள்ளே அழைத்துப் போனாள். பெட்டி மெல்ல முனகிக்கொண்டிருந்தது. திரையில் நீலக் கடல், கல்லால் கட்டிய ஒரு துறை, அதில் படகுகள்.

இனிகோ சோதனைக் கம்பியை மாட்டிப் பெட்டியின் உள்நினைவைப் படித்தான். ஓடிய மணிகள்: இரண்டு லட்சத்து எழுபதாயிரத்துச் சொச்சம். துவக்க எண், அதாவது பெட்டி எத்தனை முறை புதிதாகப் போடப்பட்டது என்ற கணக்கு: இரண்டு. கம்பியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினான். இரண்டுதான்.

"அக்கா, இதை நீங்க அணைச்சதே இல்லையா?"

"இல்ல தம்பி. கம்பெனியில ஒரு தடவை போட்டுப் பாத்திருப்பாவ. அப்புறம் வாங்குன அன்னிக்கு நான் போட்டது. அவ்வளவுதான்."

காரணம் கேட்டபோது அவள் சொன்ன கதை எளிமையானது. 'கடல்வெளி' என்ற அந்த ஆட்டத்தில் படகு ஓட்டுகிறவர்கள் எந்தப் பெட்டியிலிருந்தும் வரலாம். துறை மட்டும் அதைக் கட்டியவரின் மின்மினிக்குள் இருக்கும். பெட்டியை அணைத்தால் துறையில் நிற்கும் படகுகள் திசை தெரியாத கடலுக்குள் போய் விழும். வாங்கிய முதல் நாளே மன்னாரிலிருந்து நிரஞ்சன் என்று ஒருவர் படகைக் கொண்டுவந்து கட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். முன்பின் தெரியாத மனிதர் படகை எப்படி அநாதையாக விடுவது என்று அவள் அணைக்காமல் விட்டாள். அவர் எடுத்துப் போகும்முன் காரைக்காலிலிருந்து ஒருவர் வந்தார். அப்புறம் துறை காலியாக இருந்த நாளே வரவில்லை. மின்வெட்டுக்குப் பேட்டரி வாங்கினாள். வீடு மாறியபோது பேட்டரியோடு சேர்த்து மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தாள். உள்விசிறியை ஆறு தடவை மாற்றியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் மேசை விசிறியைப் பெட்டிமேல் திருப்பி வைத்துக்கொண்டு, ஓடும்போதே. விசிறியை மாற்றச் சட்டத்தில் தடையில்லை.

உப்புக்காற்றில் இது எப்படிப் பிழைத்தது என்பது இனிகோவுக்கு அப்போதுதான் விளங்கியது. எப்போதும் வெதுவெதுப்பாக இருந்ததால் போர்டில் ஈரம் படியவில்லை. ஈரம் இல்லாததால் உப்பு ஒட்டவில்லை. குளிர்ந்ததே இல்லை என்பதால் பற்றவைப்புகளும் விரியவில்லை. சட்டம் வருவதற்கு முன்பு, எட்டு ஆண்டு ஓடினால் போதும் என்று செய்த பெட்டி இது.

முழுச் சோதனை வெள்ளிக்கிழமை, நிறுவனத்திலிருந்தும் ஒருவர் வருவார் என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குத் திரும்பினான். ஆனால் மனம் வேலையில் நிற்கவில்லை. முழுச் சோதனை என்றால் பெட்டியை நூறு முறை அணைத்துப் போட வேண்டும். நடுவே ஆறவிட வேண்டும். தொண்ணூற்றேழு முறையாவது உயிர் வர வேண்டும். பழைய கோப்புகளைத் திறந்து, கடைசிப் பெட்டி என்று சோதிக்கப்பட்டவற்றை எல்லாம் வரிசையாகப் படித்தான். இதுவரை பத்தொன்பது வகைகள். பத்தொன்பதும் சோதனை மேசையில்தான் நின்றுபோயிருந்தன. ஒன்று நாற்பத்தோராவது அணைப்பில். அவற்றில் நான்கு அறிக்கைகளின் அடியில் இருந்த கையெழுத்து அவனுடையது.

அந்த வீடுகளில் சொன்னது இப்போது அவனுக்கு ஞாபகம் வந்தது. நேற்று வரைக்கும் நன்றாக ஓடியதே என்றுதான் நான்கு பேரும் சொன்னார்கள். எல்லோரும் சொல்வதுதானே என்று அவன் எழுதிக்கொண்டு வந்திருந்தான்.

வெள்ளிக்கிழமை வந்தவர் பத்மலோசனி. ஓசூரில் நிறுவனத்தின் ஆட்டக்களப் பராமரிப்புக்குத் தலைவி. சுற்றிவளைக்காமல் பேசுகிறவர். கடல்வெளி ஆடும் ஆறாயிரம் பேருக்காக ஒரு கட்டடம் முழுக்க சர்வர்கள் குளிரூட்டப்படுகின்றன என்றும், பெட்டி தேறினால் காப்பாற்றுவது கடமை, தேறாவிட்டால் மூடுவது உரிமை என்றும் வந்ததுமே சொல்லிவிட்டார். இனிகோ தன் முடிவைச் சொன்னான். பெட்டியை அணைக்கப் போவதில்லை. கருவியை அதன் வழக்கமான பயன்பாட்டு முறையிலேயே சோதிக்க வேண்டும் என்று சட்டத்தின் பதினான்காம் பிரிவு சொல்கிறது. இந்தப் பெட்டியின் வழக்கம் ஓடுவது. நூறு அணைப்பு என்பது பின்னால் வந்த அலுவலக விதி.

"விதி உங்களோடது சார். நாங்க எழுதல," என்றார் பத்மலோசனி.

"தெரியும் மேடம். அந்த விதிய வச்சு நானே நாலு பெட்டிய நிறுத்தியிருக்கேன். அஞ்சாவது வேண்டாம்."

ஆளுக்கு ஒரு சலுகை என்று போனால் சான்றுக்கே மதிப்பு இருக்காது என்று அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அப்போது, அதுவரை கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த ஜெசிந்தா பேசினாள்.

"என்னால ரெண்டு பேரும் சண்டை போட வேண்டாம். அணைக்கணும்னா அணைங்க. உள்ள நாப்பத்தோரு படகு நிக்கி. அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வாரேன், அது போதும்."

அவள் கன்ட்ரோலரை எடுத்துச் செய்தியைத் தட்ட ஆரம்பித்தாள். பத்மலோசனி சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இனிகோ பக்கம் திரும்பி, இந்தத் துறைக்குள் அதிகபட்சம் எத்தனை படகு நிற்கலாம் என்று வடிவமைப்பு சொல்கிறது என்று கேட்டார். அவருக்கே விடை தெரியும். இருநூறு. இதுவரை எந்த மின்மினியும் இருநூறைத் தாங்கிப் பார்த்ததில்லை. விளம்பரத்துக்காகப் போட்ட எண் என்று நிறுவனத்துக்குள்ளேயே பேச்சு.

"அப்படின்னா அதையே சோதனையா வச்சுக்குவோம்," என்றார். "இருநூறு படகு, ஆறு மணி நேரம். சூடு எண்பத்தஞ்சு டிகிரி தாண்டக் கூடாது. தாண்டினா, தேறலன்னு நீங்க கையெழுத்துப் போடணும். தாண்டலன்னா நான் மறுப்பு எழுத மாட்டேன்."

இனிகோ ஜெசிந்தாவைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள். அணைக்கப் போகிறார்கள் என்று பாதி தட்டியிருந்த செய்தியை அழித்துவிட்டு, வரக்கூடியவர்கள் எல்லோரும் வரவும் என்று எழுதினாள்.

பத்து மணிக்குப் படகுகள் வர ஆரம்பித்தன. முதலில் மன்னார் நிரஞ்சனின் பச்சைப் படகு. அது ஏற்கெனவே உள்ளேதான் இருந்தது, மற்றவர்களுக்கு வழிகாட்ட வெளியே போய்த் திரும்பியது. காரைக்கால், மட்டக்களப்பு, கிள்ளான், ரீயூனியன் என்று பெயர்கள் திரையின் ஓரத்தில் வந்துகொண்டிருந்தன. அலுவலகத்தில் இருந்தவர்கள் வேலைக்கு நடுவே வந்தார்கள். மருத்துவமனைப் படுக்கையிலிருந்து ஒருவர் வந்தார். பதினொன்றரைக்கு இருநூறு ஆனது. விசிறியின் முனகல் இரைச்சலாக மாறியது. வெப்பமானியில் எழுபத்திரண்டு, எழுபத்தாறு, எண்பது. அங்கிருந்து அரை டிகிரி ஏற அரை மணி நேரம் பிடித்தது.

ஒன்றும் செய்வதற்கில்லை. ஜெசிந்தா சோறு வடித்தாள். சீலா மீன் குழம்பு. மூவரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மானியைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள். மூன்று மணிக்கு எண்பத்து மூன்று. நான்கு மணிக்கு எண்பத்து நான்கைத் தொட்டு அங்கேயே நின்றது. பத்மலோசனி செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, போர்டின் வரைபடத்தைத் தன் திரையில் விரித்து, எந்தப் பற்றவைப்பு முதலில் போகும் என்று இனிகோவிடம் விவாதித்துக்கொண்டிருந்தார். பெட்டி நிற்க வேண்டும் என்று நினைக்கிறாரா, ஓட வேண்டும் என்று நினைக்கிறாரா என்பது அவர் முகத்தில் தெரியவில்லை. ஐந்தரைக்கு இனிகோ நேரம் முடிந்தது என்றபோது, இன்னும் பத்து நிமிடம் ஓடட்டும், பின்னால் யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்றார் அவர். அந்தப் பத்து நிமிடமும் ஓடியது.

படிவத்தில் நூறு முயற்சிக்கான கட்டத்தில் இனிகோ எழுதினான்: துவக்க முயற்சிகள் இரண்டு. வெற்றி இரண்டு. ஜெசிந்தா அதை வாசித்துவிட்டு அடுக்களைக்குள் போனாள். கொஞ்ச நேரம் அங்கே குழாய் திறந்தபடியே இருந்தது.

சென்னையில் ஆயுள் வாரியம் அறிக்கையை ஒரு மாதம் வைத்திருந்தது. விதியை மீறியதற்காக இனிகோவிடம் விளக்கம் கேட்டார்கள். அவன் பத்தொன்பது கோப்புகளையும் இணைத்து அனுப்பினான். தன் பெயர் இருந்த நான்கை மேலே வைத்தான். விதி மாறியது. இனிக் கடைசிப் பெட்டி எதுவாக இருந்தாலும் அது வாழ்ந்த விதத்திலேயே சோதிக்கப்படும். அதோடு வாரியம் இன்னொன்றும் சேர்த்தது: கடைசிப் பெட்டியைக் காப்பது நிறுவனத்தின் பொறுப்பு, வீட்டுக்காரரின் பொறுப்பு அல்ல.

மறு வாரமே ஓசூரிலிருந்து இரண்டு பெரிய பேட்டரிகள் வந்தன. அவள் வெளியே போகும் நாட்களில் நிறுவனம் அமர்த்திய காவலர் ஒருவர் வந்து பெட்டியைப் பார்த்துக்கொள்வார் என்று பத்மலோசனி எழுதியிருந்தார். ஜெசிந்தா அந்தக் கடிதத்தை இனிகோவிடம் காட்டினாள். முப்பத்தொரு ஆண்டில் அவள் பெட்டியை விட்டு ஒரு முழு நாள் வெளியே இருந்ததே இல்லை என்பதை அவன் அன்றைக்குத்தான் அறிந்தான். தங்கை கல்யாணத்துக்கு வேளாங்கண்ணி போகவில்லை. நிரஞ்சனின் மனைவி இறந்தபோது மன்னாருக்குப் போகவில்லை. குறையாக அவள் சொல்லவில்லை. வேலை இருந்தது, போக முடியவில்லை என்பது போலச் சொன்னாள்.

"போயிட்டு வாங்க அக்கா," என்றான் இனிகோ. "காவலர் புது ஆளு. மொத தடவை நானே லீவு போட்டு இங்க இருக்கேன்."

மூன்று நாள் யோசித்துவிட்டு அவள் ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஏறினாள். போகும்முன் இரண்டு பக்கத்துக்குக் குறிப்பு எழுதி வைத்திருந்தாள். விசிறி எப்படி ஒலிக்க வேண்டும், எந்த ஜன்னலைச் சாத்த வேண்டும், எந்தப் படகுக்காரர் கோபக்காரர்.

இரண்டாம் நாள் முற்பகலில் இனிகோ பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது ஒரு சின்னப் படகு துறைக்குள் வந்து, ஜெசிந்தா அக்கா இல்லையா என்று கேட்டது. ஊருக்குப் போயிருக்காங்க என்று அவன் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினான்.  அப்படியா, நல்லா இருந்துட்டு வரட்டும் என்று பதில் வந்தது. அடுத்தடுத்து மற்ற படகுகளும் அதையே சொல்ல ஆரம்பித்தன.

மாலை நான்கு மணிக்கு அவள் கூப்பிட்டாள். கப்பலில் தலைசுற்றியதைச் சொன்னாள். நிரஞ்சன் அவள் நினைத்ததைவிடக் குள்ளம் என்றாள். பின்னாலிருந்து அவர் ஏதோ மறுத்துப் பேசுவது கேட்டது. அங்கே மீனுக்குப் புளி குறைவாகப் போடுகிறார்கள், நாளை தானே சமைக்கப் போவதாகவும், இன்னும் நான்கு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று பார்ப்பதாகவும் சொன்னாள். யாரோ கூப்பிட, வைக்கிறேன் தம்பி என்று வைத்துவிட்டாள்.

இனிகோ போனைக் கீழே வைத்தான். பெட்டியைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்பது அதற்கப்புறம்தான் அவனுக்கு உறைத்தது.