உயரம் எழுதாத படம்

நேற்று நின்ற இடத்தில் படம் இன்று நிற்கவில்லை.

கண் களைத்துவிட்டது என்றுதான் ஷிஜி முதலில் நினைத்தாள். நேற்று மாலை கம்ப்யூட்டரை அணைத்தபோது படத்தின் கடைசி வரிசையில் கருங்கற்கள் இருந்தன. எண்ணூர்க் கடலோரத்தில் அலையைத் தடுக்கக் கொட்டிவைத்திருக்கும் பெரிய பெரிய கற்கள். அவற்றின் இடுக்கில் சிக்கிய ஒரு நீல நைலான் வலைத்துண்டோடு படம் முடிந்திருந்தது. இன்று மதியம் அதே ஃபைலை அதே புரோகிராமில் ஓட்டினால், வலைத்துண்டுக்குக் கீழே மணல் வந்திருந்தது. ஈர மணல், ஒரு விரற்கடை உயரத்துக்கு.

வெளியே காலடிப்பேட்டையின்மேல் கார்த்திகை மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் உள்ளே வராமலிருக்க எப்போதும் சாத்தியே வைத்திருக்கும் ஜன்னலின் விளிம்பில், சாம்பலும் மழைத்தண்ணீரும் கலந்து கறுப்பாக வழிந்தன. பனி பெய்யும் ஊர்களின் கதைகளை லைப்ரரியிலிருந்து எடுத்துவந்து படித்தே வளர்ந்தவள் அவள். சின்ன வயதில் மொட்டைமாடியில் நின்று அந்தச் சாம்பலைக் கையில் ஏந்தி, இதுதான் நம் ஊர்ப் பனி என்று அண்ணனிடம் காட்டியிருக்கிறாள். டென்னிஸ் அதை அவள் முகத்தில் ஊதிவிட்டு ஓடினான்.

டென்னிஸ் காணாமல் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பர்மா பஜாரில் வாங்கிய டிஜிட்டல் கேமராவை எடுத்துக்கொண்டு, கடலைப் படம் எடுத்துவிட்டு வருகிறேன் என்று ஒரு சாயங்காலம் கிளம்பினான். மறுநாள் அவனுடைய தோஸ்து அறிவு, அலைதடுப்புக் கற்களின்மேல் கேமராவையும் ஒரு ஜோடி செருப்பையும் கண்டெடுத்துக் கொண்டுவந்தான். ஆள் இல்லை. உடலும் இல்லை. உடல் கிடைக்காத பிள்ளைக்கு என்ன அடக்க ஆராதனை என்று கேட்டு, வந்த பாஸ்டரைத் திருப்பி அனுப்பிவிட்டாள் அம்மா சுகிர்தம். செருப்பைத் துடைத்து வாசற்படியில் வைத்தாள். அன்றிலிருந்து வாசல் கதவைத் தாழிட யாரையும் விடவில்லை.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கடைசியாக உள்ளே வருகிறவர்தான் தாழ்ப்பாள் போட வேண்டும். அப்பா வெள்ளத்துரை ராயபுரத்தில் பருப்பு மொத்தக்கடையைப் பூட்டிவிட்டு வர நேரமாகும் என்பதால் ஏற்பட்ட வழக்கம் அது. பிறகு அப்பாவையும் தாண்டி டென்னிஸ் பிந்தி வரத் தொடங்கினான். சின்ன வயதில் கடையில் எடைக்கல் விழுந்து அவன் இடது காலின் சுண்டுவிரல் போயிருந்தது. அதனால் இடது செருப்பு எப்போதும் தரையில் இழுபடும். முதலில் அந்தச் சரக், சரக். பிறகு உப்புக்காற்றில் துருவேறிய தாழ்ப்பாள் கிறீச்சென்று நகர்ந்து டக்கென்று விழும். அந்த டக் காதில் விழுந்தால்தான் அம்மாவுக்குத் தூக்கம் வரும்.

மெமரி கார்டில் உப்புநீர் இறங்கியிருந்தது. டென்னிஸ் கடைசியாக எடுத்த படம் எதிலும் திறக்கவில்லை. கிண்டியில் ஒரு சின்ன கம்பெனியில் புரோகிராமராக இருந்த ஷிஜி, லீவு போட்டுவிட்டு, அந்த ஒரே ஒரு படத்தைப் படிப்பதற்காகத் தானே ஒரு புரோகிராம் எழுத உட்கார்ந்தாள்.

கேமரா ஒரு படத்தைச் சுருக்கி எழுதும்போது அதைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டிக்கொள்கிறது. இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக. எந்தச் சதுரமும் தன் வெளிச்சம் எவ்வளவு என்று முழுதாகச் சொல்வதில்லை. தனக்கு முந்தைய சதுரத்தைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்று மட்டும் சொல்லும். ஒன்று கெட்டால் அதன் பின்னால் வருகிறதெல்லாம் நிறம் மாறிச் சாய்ந்துவிடும். கெட்ட இடங்களை ஒவ்வொன்றாகத் தாண்டி, அடுத்து எங்கே நல்ல தரவு தொடங்குகிறது என்று தேடித்தேடி வாசிக்கும்படி அவள் எழுதியிருந்தாள். ஆனால் ஃபைலின் தலைப்பில் படத்தின் உயரம் எழுதியிருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் இருந்தது. முடிவைக் குறிக்க வேண்டிய இரண்டு பைட்டுகளும் இல்லை.

உயரத்தை அவளே எழுதியிருக்கலாம். அந்தக் கேமரா எடுக்கும் அளவு அவளுக்குத் தெரியும். எங்கேயாவது ஒரு வரிசை தவறிவிடுமோ, அந்த ஒரு வரிசையில்தான் அண்ணன் இருப்பானோ என்ற பயத்தில், முடிவு வரும்வரை படித்துக்கொண்டே இரு என்று எழுதிவிட்டாள். முடிவைக் கண்டால் 'முடிவு கிடைத்தது' என்று ஒரு வரி திரையில் வர வேண்டும். அது இதுவரை வந்ததே இல்லை. கதவைத் தாழிடாத வீட்டில் இருந்துகொண்டு எழுதியவளுக்கு அது தப்பாகப் படவில்லை.

முதலில் வானம் வந்தது. பிறகு புகைபோக்கிகள், கடல், கற்களின் கோடு. அந்தக் கோட்டின் கோடியில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். முகம் இருந்த இடத்தில் நாலைந்து சாம்பல் சதுரங்கள் மட்டும். அம்மா ஓடிவந்து திரையைத் தொட்டாள்.

"எம் புள்ளதான். தன்னையே எடுத்திருக்கான். முகத்த மட்டும் தெளிவாக்கித் தந்துரு மக்கா."

கேமராவைக் கல்லில் வைத்துவிட்டுத் தன்னைத் தானே எடுத்துக்கொள்ள முடியும். ஷிஜியும் அப்படியே நம்பினாள். நம்ப வேண்டியிருந்தது.

இப்போது மணல்.

நினைவகத்தில் வேறு எதையோ புரோகிராம் தவறிப் படிக்கிறது, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டாள். அப்படி நடப்பதுண்டு. ஆனால் அப்படிப் படித்தால் வருவது குப்பை, கலர்கலராக இரைச்சல். மணல் வராது.

வாசலில் பைக் நின்றது. அறிவு நனைந்த தலையோடு அறை வாசலில் வந்து நின்றான்.

"இன்னா தங்கச்சி, பொட்டியாண்டயே குந்திகினுகீற? சோறு துன்னியா இல்ல அதையே துன்னுகினுகீறியா?"

அவள் சிரிக்க முயன்றாள். அவன் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அம்மாவாண்ட சொல்லாத. அத்திப்பட்டு பக்கம் ஆத்துல இன்னாவோ ஒதுங்கிகீதாம். வலக்காரங்க சொன்னாங்க. அவனா இருக்காது, இருந்தாலும் ஒரு தபா போய் பாத்துட்டு போன் பண்றேன்."

"நானும் வர்றேண்ணா."

"வேணாம். நீ வூட்ல இரு." அவன் திரையைப் பார்த்தான். "இன்னும் முடியலியா இது?"

"முடிவே இல்ல இதுல. நானா ரெண்டு பைட் எழுதிச் சேர்த்தாத்தான் நிக்கும்."

"அப்ப எழுதிடு ஷிஜி. பேஜாரா கீது இதப் பாக்க."

அவன் போனபின் வீடு சத்தமடங்கியது. சமையலறையில் அம்மா மீன் அலசும் தண்ணீர்ச் சத்தமும், நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளின் உறுமலும், மழையும். ஷிஜி மறுபடி ஓட்டினாள்.

மணல் நீண்டிருந்தது. அதில் பள்ளங்கள். இரண்டு இரண்டாக, மாறி மாறி. நிறம் பிசகி ஊதாவும் பச்சையுமாகக் கலைந்திருந்தாலும் காலடிகள் என்று தெரிந்தது. கற்களிலிருந்து தொடங்கிப் படத்தின் அடிவரை. விரல்கள் கீழ்நோக்கி இருந்தன. அவள் இருந்த பக்கம் பார்த்து.

மறுபடி ஓட்டினாள். மணல் முடிந்து தார்ச்சாலை. வெள்ளைக் கோடு. தாரின்மேல் ஈரக் காலடிகள், காயாமல்.

மறுபடி. தண்டவாளம். சல்லிக்கற்கள். ஒரு சாக்கடை மூடி. பால் பூத்தின் ஊதாநிறப் படிக்கட்டு, அதன் ஓரத்தில் உடைந்த சிமெண்ட் தொட்டி. அந்தத் தொட்டியை அவளுக்குத் தெரியும். தெருமுனையில் இருக்கிறது. சிறுவயதில் அதன்மேல் ஏறி நின்றுதான் சைக்கிளில் கால் போடுவாள்.

அறையில் ஒரு வாடை வந்திருந்தது. கூவம் நாற்றமில்லை, மீன் நாற்றமுமில்லை. நிலக்கரி நனைந்து ஊறிய தண்ணீரின் வாடை, இரும்பை நாக்கில் வைத்ததுபோல.

ஃபைலின் கடைசிக்குப் போய் முடிவின் இரண்டு பைட்டுகளைத் தட்டத் தொடங்கினாள். முதலாவதைத் தட்டிவிட்டாள்.

"ஏட்டி, என்ன செய்யுத?"

அம்மா பின்னால் நின்றாள். கையில் மீன் செதில்கள் மின்னின. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"முடிச்சிரப் போறேம்மா. பயமா இருக்கு. பாருங்க, நம்ம தெரு இது."

சுகிர்தம் குனிந்து பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. ஒரு மாதமாக இல்லாத ஒரு வெளிச்சம்தான் இருந்தது.

"வாரான். பாத்தியா, வீட்டுக்கு வாரான்."

"அம்மா..."

"முடிக்காத மக்கா. எப்படியும் வரட்டும். எப்படி வந்தாலும் எனக்குப் போதும்."

ஷிஜி தட்டிய பைட்டை அழித்தாள். அம்மாவுக்காக என்று பிறகு சொல்லிக்கொள்ள முடியாது. அவளுக்கும் அவன் வர வேண்டியிருந்தது. செருப்பை இழுத்துக்கொண்டு, திட்டு வாங்கிக்கொண்டு, சாம்பலை ஊதிக்கொண்டு.

அம்மா கை கழுவிக்கொண்டு முன்னறைக்குப் போய் உட்கார்ந்தாள். நாற்காலி வாசலைப் பார்த்து நகரும் சத்தம் கேட்டது.

மின்சாரம் போனது. மேஜைக்கு அடியில் யூபிஎஸ் பீப் என்றது. மாலை வெளிச்சம் ஜன்னல் கண்ணாடியின் சாம்பலில் செத்துக்கொண்டிருக்க, திரை மட்டும் எரிந்தது. அவள் கடைசியாக ஒருமுறை ஓட்டினாள்.

வரிசை வரிசையாக இறங்கியது. தெரு. வீட்டின் முன்னாலிருக்கும் கருங்கல் பலகை. சிவப்புச் சாயமடித்த வாசற்படி. படியில் ஒரு ஜோடி செருப்பு.

செருப்புக்குப் பக்கத்தில் ஒரு காலடி. நிறம் பிசகவில்லை. சதுரம் சதுரமாக உடையவில்லை. கறுப்புத் தண்ணீரில் தோய்த்து அழுத்திய இடது கால், அச்சு அசலாக.

அவள் விரல்களைப் பார்த்தாள்.

கட்டைவிரல். அடுத்தது. அடுத்தது. அடுத்தது.

சுண்டுவிரல்.

பீப்.

ஃபைலைத் திறந்தாள். முடிவை எழுத. எழுத முடியவில்லை. 'இந்த ஃபைலை வேறொரு புரோகிராம் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது' என்றது கம்ப்யூட்டர். அவள் தன் புரோகிராமை நிறுத்தினாள். வேறு எதுவும் ஓடவில்லை. மறுபடி முயன்றாள். அதே பதில்.

போன் அடித்தது. ரிசீவரை எடுத்தாள். காற்று, மழை, யாரோ தூரத்தில் கத்துகிறார்கள். பிறகு அறிவின் அழுகை.

"ஷிஜி... கெட்ச்சிட்டான் ஷிஜி. நம்ம டென்னிஸ்தான். மூஞ்சி தெரியல. கால பாத்தேன். சுண்டு வெரலு இல்ல. அவன்தான். ரொம்ப நாளா தண்ணிலயே இருந்துகீறான்... அப்பாவுக்கு சொல்லிட்டேன். அம்மாவாண்ட நீ..."

அவள் காது அங்கே இல்லை. முன்னறையில் இருந்தது. செருப்பு இழுபடும் சத்தம் வருகிறதா என்று. வரவில்லை. கதவு திறக்கும் சத்தம்தான் வந்தது. மெல்ல. ஈரக் கால்கள் மொசைக் தரையில். சப். சப்.

"வந்துட்டியா மக்கா," என்றாள் அம்மா. அத்தனை சந்தோஷமாக. "இப்படியா நனைவாக? உள்ள வா."

சப்.

"அம்மா," என்று கத்த ஷிஜி வாயைத் திறந்தாள்.

கிறீச்.

டக்.

தாழ்ப்பாள்.

பிறகு அம்மாவின் குரலும் கேட்கவில்லை. மழை மட்டும். ரிசீவரில் அறிவு அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நிலக்கரித் தண்ணீரின் வாடை முதுகுக்குப் பின்னால் கனத்தது.

நிறுத்திய புரோகிராம் திரையில் தானாக ஓடத் தொடங்கியது. ஒரு வரிசை. இன்னொன்று. முன்னறையின் மொசைக் தரை. அம்மாவின் நாற்காலி, காலியாக. அதைத் தாண்டிக் காலடிகள். இந்த அறையின் நிலைப்படி. காலடிகள். கம்ப்யூட்டர் நாற்காலியின் பின்கால்கள். அவற்றுக்கு நடுவே, தரையில் ஊன்றிய இரண்டு குதிகால்கள். வலது குதியில், காலையில் அவள் ஒட்டிய பிளாஸ்திரி.

அவற்றைத் தொட்டுக்கொண்டு, ஐந்து கால்விரல்கள்.

அதற்குக் கீழே படம் நின்றது. ஒரு வரி வந்தது.

முடிவு கிடைத்தது.