எல்லை தாண்டிய சோறு

கார் மறுபடியும் கத்தியது. பின்சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லையாம். கிருஷ்ணபிரசாத் கண்ணாடியில் பார்த்தான். பின்சீட்டில் ஆள் எங்கே இருக்கிறது? தண்ணீர் பாட்டிலும் அவனுடைய தோள்பையும் கிடந்தன, அவ்வளவுதான்.

"புது வண்டின்னா கொஞ்ச நாளைக்கு இப்பிடித்தான் மாப்ள. சர்வீசுக்கு விடயில சொல்லு, சரிபண்ணிருவாய்ங்க" என்றான் அழகுபாண்டி. கிடாக்கறியும் சோறுமாக வயிறு முட்டத் தின்ற மயக்கத்தில், முன்சீட்டைச் சாய்த்துப் போட்டுக் கிடந்தான்.

இருவரும் மதுரையில் ஒரே கல்லூரியில் வாத்தியார்கள். கிருஷ்ணபிரசாத்துக்கு வீடு சிம்மக்கல்லில். மகள் பட்டு பிறந்ததிலிருந்து வீடு, கல்லூரி, மருந்துக்கடை தவிர வேறு திசை அறியாதவன். கார் வாங்கியதும் அவன் மனைவி ராஜஸ்ரீதான் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தாள். "ஒருநாளாவது ஊர் சுத்திட்டு வாங்கோ. பட்டுவை நான் பாத்துக்கறேன்." அழகுபாண்டிக்குச் சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். எங்க சீமையைக் காட்டுறேன் வா என்று கூட்டிப்போனான். சமணர் மலை, தாமரைக் குளம், கொக்கு இறங்கிய கண்மாய், மாட்டுச் சந்தை என்று காலை முழுக்க என்ன ஆனந்தம்! யார் கண் பட்டதோ, உச்சிவெயில் நேரத்தில் அந்த ஆலமரத் தோப்பு வந்தது.

தோப்பில் அழகுபாண்டியின் பங்காளிகள் காவல்சாமிக்குக் கிடா வெட்டிப் பொங்கிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் மட்டும் கூடும் பூசை. வண்டியை மறித்து, சாப்பிடாமல் போகவே கூடாது என்று இழுத்துக்கொண்டுபோய்ப் பந்தியில் உட்காரவைத்துவிட்டார்கள். அழகுபாண்டி பரிமாற வாளி தூக்கப் போகுமுன் நண்பனிடம் குனிந்து ஒன்று சொன்னான்.

"இங்க பொங்குனத இங்கயே தின்னு தீக்கணும். மிச்சத்தக் குழிவெட்டி மூடிருவாய்ங்க. ஒரு பருக்க எல்லையத் தாண்டக் கூடாது, பாத்துக்க."

கிருஷ்ணபிரசாத் முட்டைகூடத் தொடாதவன். அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு இரண்டு வாழைப்பழத்தைக் கையில் கொடுத்திருப்பார்கள். ஆனால் மனுஷனுக்கு வெட்கம். 'நம்ம கையால திங்க மாட்டாராக்கும்' என்று இவர்கள் ஒரு கணம் நினைத்துவிட்டால் நண்பன் முகத்தில் எப்படி விழிப்பது? நல்லகாமன் என்கிற பெரியவர் அன்போடு கறியை அள்ளி அள்ளி வைத்தார். அவர் அடுத்த இலைக்கு நகர்ந்ததும், இவன் சோற்றை இலையோடு மடித்து, கேரிபேக்கில் முடிச்சுப் போட்டு, தோள்பைக்குள் திணித்துக்கொண்டான். வழியில் ஏதாவது நாய்க்குப் போட்டால் ஆயிற்று என்று நினைப்பு. மரியாதையாம் மரியாதை!

செல்லம்பட்டி தாண்டியும் ஒரு நாய்கூடக் கண்ணில் படவில்லை. தார் இளகும் வெயிலில் புளியமர நிழல்கள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் ஏறி இறங்க, ஏசிக் காற்றோடு ஒரு வாடை வர ஆரம்பித்தது. முதலில் மசாலா வாடை, பிறகு மஞ்சளும் ரத்தமும் கலந்த பச்சைக்கறி வாடை, அதற்கும் அடியில், வெகுநாள் பட்டினி கிடந்தவன் வாயைத் திறந்தால் வருமே, அந்தப் புளித்த மூச்சு. அது அவன் பிடரியில் பட்டது. சூடாகப் பட்டது. ஏசியைக் கூட்டினான். விரல்கள் விறைத்தன. பிடரியில் மட்டும் சூடு தணியவில்லை. கார் கத்தியது. பின்சீட்டு. பெல்ட்.

மெல்லும் சத்தம் கேட்டது.

அழகுபாண்டி கண்ணைத் திறந்தான். "எதையாச்சும் திங்கிறயா மாப்ள?"

"இல்ல."

"பெறகு யாரு?"

இதற்குமேல் எப்படி மறைப்பது? பொட்டலத்தைப் பற்றிச் சொல்லிவிட்டான். அழகுபாண்டி திட்டியிருந்தால்கூடத் தேவலை. முகம் வெளுத்துப்போய், வண்டியை ஓரங்கட்டச் சொன்னான்.

கிருஷ்ணபிரசாத் இறங்கி, பின்கதவைத் திறந்து, தோள்பையைத் தூக்கிக்கொண்டு புளியமரத்தடிக்கு ஓடினான். கேரிபேக் முடிச்சு போட்டது போட்டபடி இருந்தது. அவிழ்க்க வரவில்லை. கிழித்தான். உள்ளே இலை மட்டும் இருந்தது. சோறு இல்லை, கறி இல்லை, எலும்புகூட இல்லை. அப்போதுதான் யாரோ நக்கி முடித்தாற்போல் இலை முழுக்க எச்சில் ஈரம்.

அழகுபாண்டி நல்லகாமனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். "பெரியப்பா, தெரியாம நடந்துபோச்சு. திரும்பக் கொண்டாரோம்."

"கொண்டாந்து என்னத்தடா செய்ய?" என்றார் கிழவர். "சாமி தின்ன மிச்சத்துக்குன்னு ஒண்ணு அங்கன காத்துக் கெடக்கும். அதுக்குத்தான குழியில போட்டு மூடுறம். எவனாச்சும் கையில எடுத்துட்டா, வீட்டுக்கு விருந்துக்குக் கூப்புட்டதா எடுத்துக்கிரும். அவரு வீட்டுல யாரு இருக்கா?"

"பொஞ்சாதியும் கைப்பிள்ளையும்" என்றான் அழகுபாண்டி.

"இன்னும் வண்டியிலதான இருக்கு? எறங்க மட்டும் விட்றாதீகப்பா."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்கதவு ஆவென்று திறந்து கிடந்தது. கார் கத்தவில்லை. சீட்டின் நடுவில் ஆழமாக ஒரு குழி அமுங்கியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல மெல்ல மேலெழும்பிச் சமமானது.

ஐயோ, பட்டு!

அதற்குப் பிறகு அவன் ஓட்டியதை ஓட்டுதல் என்றா சொல்வது? அழகுபாண்டி விடாமல் ராஜஸ்ரீக்கு அடித்துக்கொண்டே வந்தான். எடுக்கவில்லை. செக்கானூரணி. எடுக்கவில்லை. நாகமலை. எடுக்கவில்லை. ஊருக்குள் நுழையும்போது முன்னால் பஸ், பக்கத்தில் லாரி, பின்னால் ஆட்டோக்கள். அசையவில்லை. ஹாரனை அழுத்தி அழுத்தி உள்ளங்கை வலித்தது.

அவளே கூப்பிட்டாள். வீடியோ கால்.

"எங்க இருக்கேள்?" ராஜஸ்ரீயின் முகம் வேர்த்திருந்தது. குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "உங்க ஃப்ரெண்ட் வந்து உக்காந்துண்டிருக்கார். மத்தியானம் உங்க இலையிலதான் சாப்பிட்டாராம். இன்னும் பசிக்கறதாம்."

"ராஜி, கதவத் திறந்தியா?"

"நீங்கதான் அனுப்பினேள்னார். சாதம் ஆயிடுத்து. குழம்பு ஆயிடுத்து. தயிர் ஆயிடுத்து. பட்டுவோட கஞ்சிமாவையும் கரைச்சு விட்டுட்டேன். போறலயாம்."

"ராஜி! பட்டுவத் தூக்கிண்டு வெளியில ஓடு! ராஜி, நான் சொல்றதக் கேளு!"

அவள் கேட்டதாகத் தெரியவில்லை. போனை எதிலோ சாய்த்து வைத்தாள். கூடம் தெரிந்தது. கவிழ்ந்து கிடந்த பாத்திரங்கள் தெரிந்தன. விருந்தாளி உட்கார விரித்த தடுக்கு. தடுக்கில் யாருமில்லை. அதற்கு எதிரே புதிதாக ஒரு தலைவாழை இலை, தண்ணீர் தெளித்துத் துடைத்து.

இலையின் நடுவில் பட்டு உட்கார்ந்திருந்தாள். வெறும் தடுக்கை அண்ணாந்து பார்த்துக் கைகொட்டிச் சிரித்தாள்.

ராஜஸ்ரீ நெய்க் கிண்ணத்தோடு வந்தாள். குழந்தையின் தலைக்கு நேரே கரண்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, தடுக்கின் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"நெய் விடட்டுமா?"