சிஃபுண்டோவின் வாசலில் கேட்ட கேள்வி

ஸோம்பா மலையடிவாரத்தில் எல்லைக்கற்கள் விடிந்ததும் நடக்கத் தொடங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் ஆறு கால். நிலம் யாருக்கு என்று நிலநடுவன் என்ற இயந்திரம் தீர்ப்புச் சொன்னதும், கற்கள் உரிமையாளரின் பெயரை நெற்றியில் ஏற்றிக்கொண்டு இடம் மாறி நிற்கும். ஜனங்களும் பல் துலக்கிக்கொண்டே வேடிக்கை பார்ப்பார்கள். வழக்கு, வாய்தா, வக்கீல் எல்லாம் ஒழிந்ததடா சாமி என்று மனிதகுலம் நிம்மதியாக இருந்த காலம் அது.

அன்று சிஃபுண்டோவின் சோளக்காட்டுக் கற்களில் அவள் பெயர் அழிந்து, கணவன் லிம்பானியின் பெயர் வந்திருந்தது. அவனோ மனைவி வீட்டுக்கு வாழவந்த மாப்பிள்ளை. அந்த ஊரில் நிலம் தாயிடமிருந்து மகளுக்குத்தான் போகும். மாப்பிள்ளை உழுவான், உண்பான், அவ்வளவுதான். லிம்பானி நிலத்தைத் தன் பெயருக்குக் கேட்டான், நடுவன் கொடுத்துவிட்டது. புகையிலைக்காரனிடம் விலையும் பேசியாகிவிட்டது. பொழுது சாய்வதற்குள் தீர்ப்பு மாறாவிட்டால் சிஃபுண்டோவும் அவள் பெண்பிள்ளைகளும் தெருவில்தான்.

நடுவனுக்குப் பாடம் சொல்லி வளர்த்தவள் உலகம்மை, திருநெல்வேலிக்காரி. சேதி கேட்டு ஓடிவந்தவள் ஒவ்வொரு கல்லின் நெற்றியையும் குனிந்து படித்துப் பார்த்தாள். ஒரு காலத்தில் குடிசைவரி வசூலிக்க வந்த வெள்ளைக்காரன் ஆண்களின் பெயரை மட்டும் எழுதிவைத்துவிட்டுப் போனானே, அந்தக் காகிதங்களின் வாடைகூட இயந்திரத்துக்கு ஆகாது என்று வழித்தெறிந்தவள் அவள். மேடைக்கு மேடை அதைச் சொல்லிக் கைதட்டும் வாங்கியிருக்கிறாள். பாவி, எதைக் கவனிக்காமல் விட்டேன் என்று தன்னையே வைதுகொண்டாள்.

"வாங்கம்மா, உக்காருங்க. வெயில்ல வந்திருக்கிய," என்றாள் சிஃபுண்டோ. காதில் பதித்திருந்த செவிப்பெயர்ப்பி அவள் பேச்சை நெல்லைத் தமிழாக்கித் தந்தது. ஒரு வசவு வைதிருந்தால்கூட உலகம்மைக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மணிக்கட்டுத் திரையில் நடுவனை அழைத்தாள். "ஏ கூறுகெட்டவனே! வெள்ளைக்காரன் காகிதம் ஏதும் உள்ள கெடக்கா?"

"ஒரு எழுத்துகூட இல்லை, அம்மா. நீங்கள் சுத்தமாகத் துடைத்துவிட்டீர்கள்."

"பொறவு, நிலத்துக்கு ஆம்பளதான் சொந்தம்னு எவம்லே ஒனக்குச் சொன்னது?"

"நீங்கள்தான்."

உலகம்மைக்குச் சுருக்கென்றது. நடுவன் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனது.

"எனக்குப் பாடமாக, ஊர் ஊராகப் போய் நில வழக்கம் பற்றி ஜனங்களின் பேச்சைப் பதிவு செய்தீர்கள். எல்லா வாசலிலும் பெண்தான் வந்து நின்றாள். எல்லா வாசலிலும் நீங்கள் முதலில் கேட்டது, 'வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையா?' சொந்தக்காரரைத்தான் தேடுகிறீர்கள் என்று புரிந்துகொண்டேன்."

மரியாதைக்குக் கேட்ட கேள்வி அது. திருநெல்வேலியில் மின்கணக்கு எடுக்க வந்தவரும் ஓட்டுக் கேட்க வந்தவரும் உலகம்மையின் அம்மாவிடம் அதைத்தான் கேட்டார்கள். அம்மாவும், "சாயந்தரம் வருவாவ," என்று உள்ளே போய்விடுவாள். உலகம்மை வெட்கத்தோடு திரையை வாயருகே கொண்டுவந்தாள்.

"தீர்ப்ப ரத்து பண்ணு. எல்லா ஊர்லயும்."

"பிழைக்குக் காரணம், 'காலனிய எச்சம்' என்று எழுதிவிடலாமா?"

"வேண்டாம். எம்பேரப் போடு."

கற்களில் சிஃபுண்டோவின் பெயர் திரும்ப வந்தது. உலகம்மை அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சிரு தாயி. ஒன் வாசல்லயும் அப்படித்தான் கேட்டேன்."

"விடுங்கம்மா. அந்தக் காலத்துல வரி வாங்க வந்த வெள்ளைக்காரனும் எங்க வாசல்ல மொதல்ல அதத்தான் கேட்டானாம்," என்றாள் சிஃபுண்டோ. "நீங்களாவது சிரிச்சிக்கிட்டே கேட்டிய."